சிஸ்டர் கழுவிய முற்றம்

மார்ச் முடிந்ததும் அஜ்மானில் எல்லோரும் ஏசி மெக்கானிக்கைத் தேடுவார்கள். சிஸ்டர் மட்டும் ரப்பர் குழாயைத் தேடுவார். யாராவது கார் கழுவ அதை எடுத்துப் போய்த் திருப்பி மாட்டாமல் விட்டிருந்தால், அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆறு வருடம் சுவரோடு சுவராகக் குடியிருந்தும் நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் சிஸ்டர்தான். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரர். ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் வேலை, பாதி நாள் நைட் டூட்டி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நெடுநெடுவென்று உயரம், குரலும் அப்படியே. மெதுவாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பேசினால் கேட்டுக்கு வெளியே நிற்கும் பூனை திரும்பிப் பார்க்கும்.

நாங்கள் இருந்தது ஒரு பழைய வில்லா. கட்டிய அரபிக் குடும்பம் புது வீட்டுக்குப் போனபிறகு அதை நான்காகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒன்றில் நானும் என் மனைவியும். பக்கத்தில் சிஸ்டர். மூன்றாவதில் ஒரு பெஷாவர் டிரைவர் பாய், குடும்பத்தோடு. நான்காவதில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். நான்கு வாசலுக்கும் பொதுவாக நடுவில் ஒரு முற்றம், அதில் ஓர் இலந்தை மரம். பொது என்றால் தெரியுமல்லவா? எல்லோரும் குப்பை போடலாம், யாரும் எடுக்க வேண்டியதில்லை.

வளைகுடாவில் வெளியிடம் என்பது குளிர்காலத்துச் சொத்து. நவம்பரில் நாற்காலியை வெளியே போட்டால் மார்ச்சில் உள்ளே எடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு முற்றம் மணலுக்கும் புறாவுக்கும் சொந்தம். அக்டோபர் வரைக்கும் கதவைத் திறப்பது டூட்டிக்குப் போகத்தான். சிஸ்டருக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். வெயில் வருவதற்கு முன்னால்தான் அவர் முற்றத்தைக் கழுவுவார். முதல் வருடம் நான் சிரித்துவிட்டேன்.

"சிஸ்டர், இனிமே யாரு இங்க உக்காரப் போறா? அடுப்புல உக்காந்த மாதிரி இருக்கும்."

"குளிருக்கு எல்லாவனும் வெளிய இருப்பான் தம்பி. வெயிலுக்குத்தான் முத்தம் நல்லா இருக்கணும். வெடியக்காலம ஒரு மணிக்கூர் வெளிய கெடச்சாலும் அது பெருசுல்லா?"

சொன்னதோடு நிற்கவில்லை. நைட் டூட்டி முடிந்து எட்டு மணிக்கு மருத்துவமனை பஸ்ஸில் வந்து இறங்குவார். மற்றவர்கள் என்றால் நேராகப் படுக்கைக்குப் போவார்கள். இவர் நைட்டியை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, மூக்குக்கு மாஸ்க் போட்டு, ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர் மாதிரி வெளியே வருவார்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மேலிருந்து கீழே. முதலில் மரம், பிறகு மதில் தலை, பிறகு ஏசியின் வெளிப்பெட்டிகள், கடைசியில்தான் தரை. முதலில் வறட்டுப் பெருக்கல், அப்புறம்தான் தண்ணீர். ஒரு தடவை நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று மணல்மேல் குழாயைத் திருப்பிவிட்டேன். ஒரு நொடியில் முற்றம் முழுக்கச் சேறு. காய்ந்து சிமெண்ட் பூசியதுபோல ஒட்டிக்கொண்டது. "ஒங்க ஊர்ல மழ பெய்யுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். புதுக்கோட்டைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது?

இலந்தைப்பழம் விழுந்து பிசுபிசுத்த இடத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒவ்வொரு குழாயின் கீழும் வாளி வைத்திருப்பார். கோடையில் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், கீஸரை அணைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீருக்கு அதன் குழாயைத் திறக்கிற ஊர் இது. அந்த ஏசித் தண்ணீர்தான் அவருடைய புதினாச் செடிகளுக்கும் கடைசிக் கழுவலுக்கும். இரும்பு நாற்காலிகளுக்குப் பழைய படுக்கை விரிப்பில் உறை தைத்துப் போட்டிருப்பார். அந்த உறை எப்படி வந்தது என்றால், நான் ஒரு ஜூன் மாதம் லுங்கியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குமேல் எழுத மாட்டேன். களிம்பு கொடுத்தது சிஸ்டர்.

இப்போது அவர் சவுதியில் யான்பு என்ற ஊரில் இருக்கிறார். எப்போதாவது என் மனைவிக்குப் போட்டோ அனுப்புவார். அதில் ஆள் இருக்காது. கழுவிய தரை மட்டும் இருக்கும்.

அடுத்தவர் பொருளை அவர் தூக்கிப் போட மாட்டார். அதைவிட மோசமாக ஒன்று செய்வார். பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று கேட்பார். பாயின் வாசலில் ஒருநாள் பழைய டயரோடு நின்றது நினைவிருக்கிறது.

"பாய், யே கிஸ்கா?" யாருடையது இது?

"மேரா ஹை சிஸ்டர்." அவருடையதுதானாம்.

"ரக்னா யா ஃபேக்னா?" வைக்கவா, வீசவா?

பாய் தாடியைச் சொறிந்தார். மனைவி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், டயரை அவரே உருட்டிக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் போனார்.

என் வாசலில் அந்தக் கேள்வி மூன்று வருடமாகச் செல்லுபடியாகவில்லை. ஏனென்றால் என்னிடம் அசைக்க முடியாத ஒரு பதில் இருந்தது. "அது ஊருக்கு."

கல்ஃபில் இருப்பவனுக்கு இது ஒரு நோய். எதைப் பார்த்தாலும் ஊருக்கு. அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கி எறிய மாட்டான், கார்கோ போட ஆகும் என்பான். நான் வேறு துபாயில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எடுத்து வைப்பது தொழில். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். அதற்காகக் கிழக்கு மதிலோரம் ஒரு குவியல் சேர்த்திருந்தேன். போர்வைகள் இரண்டு பெட்டி, தார்ப்பாய்க்குக் கீழே ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, மாடிப்படிக்கு வைக்க ஸ்டீல் கைப்பிடிக் குழாய்கள் காகிதம் சுற்றியபடி. புதுக்கோட்டையில் பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்காதா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டுக்கு அப்போது மாடிப்படியே இல்லை.

"அடுத்த மாசம் கார்கோ போட்டுருவேன் சிஸ்டர்" என்பேன். அவர் அந்தக் குவியலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார். ஒரு தடவை மட்டும் பெருக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இங்க இருக்கிற நாளையும் ஆண்டவர் எண்ணிக்கிட்டுத்தான் இருக்காரு தம்பி."

எனக்குப் பிடிக்கவில்லை. புத்தி சொல்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

நான்காவது வருட ஏப்ரலில் அவர் விடவில்லை. காலையில் வந்தார், சாயங்காலம் வந்தார், மறுநாளும் வந்தார். "தம்பி, அந்தக் கெழக்குச் செவுத்த எனக்குக் காலி பண்ணித் தரணும்." நான் அன்றைக்கு ஸ்டாக் சரிபார்ப்பில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். எரிந்து விழுந்தேன்.

"உங்களுக்குச் சுத்தப் பைத்தியம் சிஸ்டர். அடுத்தவன் வீட்டுச் சாமான் மேல உங்களுக்கென்ன?"

அவர் கோபப்படவில்லை. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"அவங்க வாறாங்க" என்றார்.

அவருடைய வீட்டுக்காரருக்குச் சவுதியில், ஜுபைலில் ஓர் ஆலையில் ஃபிட்டர் வேலை என்று தெரியும். வருடம் ஒருமுறை ஊரில் சந்தித்துக்கொள்வார்கள். ஜனவரியில் அவர் சாரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு உடைந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சிஸ்டர் அன்றைக்குத்தான் சொன்னார். மூன்று மாதம் எங்களுக்குத் தெரியாது. மூன்று மாதமும் சிஸ்டர் டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். இனி வேலைக்கு ஆகாது என்று கம்பெனி அவரை அனுப்புகிறது. விசிட் விசாவில் இங்கே அழைத்துவரப் போகிறார்.

"ஊருக்கு அனுப்பலாமே சிஸ்டர்" என்றாள் என் மனைவி. "அங்க பாத்துக்க ஆளு இருக்குமில்ல?"

"பாக்க ஆளு உண்டு மக்களே. நடத்த ஆளு இல்ல. கட்டிலப் போட்டு, கஞ்சியும் மீனும் குடுத்து, ராசா மாதிரி வச்சுப் படுக்கப் போட்டுருவாவ. ஆறு மாசத்துக்குள்ள வாக்கர விட்டு நடக்கலண்ணா கால் அப்பிடியே நின்னுரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு மாசம் போச்சு."

அவருடைய போர்ஷன் ஒரே அறை. கட்டிலும் பீரோவும் போக வாக்கர் திரும்ப இடமில்லை. ரோட்டில் நடக்க முடியாது. முற்றத்தில் காலை வெயில் விழாத இடம் ஒன்றே ஒன்றுதான், கிழக்கு மதிலோரம். எட்டு மணிக்குப் பிறகும் அங்கே நிழல் நிற்கும். அதனால்தான் நான் என் சாமானை அங்கே வைத்திருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கே தார்ப்பாயைத் தூக்கினேன். மேல் நாற்காலியின் கையைப் பிடித்து இழுத்தபோது கை மட்டும் என்னோடு வந்தது. அடுத்ததும் அப்படியே, அப்பளம்போல நொறுங்கியது. மூன்று கோடையின் அனல் தார்ப்பாயைத் தாண்டி அதைத் தின்றிருந்தது. போர்வைப் பெட்டி ஒன்றில் பூனை குட்டி போட்டுவிட்டுப் போயிருந்தது. என் மனைவி வாசலில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிஸ்டரும் சிரிக்கவில்லை, ஒரு பையைப் பிரித்துத் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டார்.

ஸ்டீல் குழாய்கள் மட்டும் புத்தம்புதுசாக இருந்தன. அவற்றைத் தூக்கி உள்ளே வைக்கப் போனேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

"சிஸ்டர், இத இந்தச் செவுத்துலயே அடிச்சிருவோமா? அண்ணனுக்குப் பிடிச்சு நடக்க ஆகும்."

அவர் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊருக்குல்லா வச்சிருக்கிய?" என்றார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"அங்க இன்னும் படியே கட்டல சிஸ்டர்" என்றேன்.

பாய் துளை போடும் மெஷினோடு வந்தார். வீட்டுக்கார அரபியிடம் போனில் கேட்டபோது "மாஃபி முஷ்கில்", பிரச்சினை ஒன்றுமில்லை என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மதில் நீளத்துக்கும் இடுப்பு உயரத்தில் கைப்பிடி ஏறியது. சிஸ்டர் அதற்குமேல் பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டினார், மரத்தடியில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வைத்தார். தரையை மாலையில் கழுவி இரவில் காயவிடுவார், காலையில் ஈரம் இருந்தால் வாக்கர் வழுக்கும். அந்த வருடம் எங்கள் முற்றம் இருந்த இருப்பை அடுத்த தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிஸ்டரின் வீட்டுக்காரர் வந்தார். பெரிய உருவம், பெரிய மீசை. வாலிபத்தில் வள்ளத்தில் போய் மீன் பிடித்தவர், பிறகு ஃபிட்டராகிச் சவுதிக்குப் போனவர். வாக்கரைப் பிடித்திருந்த கை என் கையைப்போல இரண்டு மடங்கு. காலை ஆறு மணிக்கு வெளியே வருவார். நான்கு எட்டு வைப்பார். பாயின் மனைவி துணி காயப் போட வந்தால் போதும், நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கைப்பிடியைத் தொடவே இல்லை.

"எதுக்கு இதெல்லாம் செய்து வச்சிருக்க? நான் ஊருக்குப் போயி நடந்துக்கிடுதேன். கடக்கரை மண்ணுல நாலு நாள் நடந்தா கால் தன்னால சரியாவும்."

சிஸ்டர் டூட்டி உடையோடு நின்றுகொண்டிருந்தார். அன்று மாலை முற்றத்தை இரண்டு முறை கழுவினார்.

அண்ணன் சொன்ன வார்த்தை என் காதிலேயே நின்றது. ஊருக்குப் போய் நடந்துகொள்கிறாராம். நொறுங்கிய நாற்காலிக் கை என் கண்முன் வந்தது. சொல்லலாம் என்று இரண்டு முறை போனேன், ஆனால் அவ்வளவு பெரிய மனிதரிடம் போய் என்ன சொல்ல? திரும்பி வந்துவிட்டேன். மே மாதம் முடியும்போது, ஜூன் பத்தாம் தேதிக்கு ஊருக்கு டிக்கெட் போட அண்ணன் சொல்லிவிட்டார் என்று என் மனைவி வந்து சொன்னாள். சிஸ்டர் அதைச் சொல்லும்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாராம். கழுவாமலே நறுக்கி, அப்படியே சட்டியில் போட்டாராம். கழுவ மறந்தார் என்றதும்தான் எனக்கு நிலைமை புரிந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் டூட்டிக்குப் போன பிறகு புழுதிக்காற்று கிளம்பியது. விடிய விடிய அடித்தது. ஞாயிறு எனக்கு லீவு. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் முற்றம் இருந்த இடத்தில் பாலைவனம். புதினா, ஃபேன், நாற்காலி உறை எல்லாம் ஒரே நிறம். எட்டு மணிக்கு அவர் பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு வந்து இதைப் பார்ப்பார், பார்த்ததும் துண்டைக் கட்டுவார் என்று தோன்றியது. நீளக் கைப்பிடித் துடைப்பத்தை எடுத்தேன். அஜ்மானுக்கு வந்து அன்றைக்குத்தான் அதைத் தொடுகிறேன். தூர மூலையில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அங்கே மதில் காற்றை மறைத்ததால் சுத்தமாக வந்தது. நடுமுற்றத்துக்கு வந்ததும் தள்ளிய மணலெல்லாம் என் முகத்துக்கே திரும்பி வந்தது.

"காத்துக்கு எதிரா தூத்துனா மண்ணு ஒங்க வாயிலதான் கெடக்கும் தம்பி."

அண்ணன் வாசலில் வாக்கரோடு நின்றிருந்தார்.

"வடக்கேருந்துல்லா அடிக்கு? அதுக்கு முதுகு காட்டி நில்லுங்க. கேட்டுக்கு நேரா தள்ளுங்க."

தள்ளினேன். இன்னும் கொஞ்சம் மண் தின்றேன்.

"அப்பிடி இல்ல. சின்னதா தள்ளணும். ஐயோ, அப்பிடி இல்லங்கேன்!"

நான் வேண்டுமென்றே தப்பாகச் செய்தேன் என்று என் மனைவி இன்றுவரை நம்புகிறாள். அவ்வளவு அறிவு எனக்கு இருந்தால் நான் ஏன் நாற்காலி வாங்கி வெயிலில் வைக்கிறேன்? நிஜமாகவே எனக்குப் பெருக்கத் தெரியாது. அண்ணன் வாக்கரை மரத்தடிவரை தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "கொண்டா இங்க" என்று துடைப்பத்தைப் பிடுங்கினார்.

இடது கை மதில் கைப்பிடியில், வலது கையில் துடைப்பம். காற்றைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, சின்னச் சின்னத் தள்ளலாக மணலைக் கேட்டை நோக்கி ஓட்டினார். ஒரு தள்ளல், ஓர் எட்டு. முகம் வலியில் இறுகியது, ஆனால் வாய் நிற்கவில்லை. எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கொடுத்தவனைத் திட்டினார், புறாக்களைத் திட்டினார், துடைப்பம் செய்தவனைத் திட்டினார். பாயின் மனைவி துணியெடுக்க வந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நான் முறத்தோடு பின்னாலேயே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். வாக்கர் மரத்தடியிலேயே நின்றது.

வெளியே பஸ் நிற்கும் சத்தம். அண்ணன்தான் தாழ்ப்பாளைத் தூக்கிக் கேட்டைத் திறந்தார்.

சிஸ்டர் தோளில் பையோடு நின்றார். அண்ணனைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தூரத்தில் நின்ற வாக்கரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தொட்டிக்குப் பொறத்தால மண்ணு கெடக்கு" என்றார்.

"எங்க?"

"அந்த மூலையிலதான். நீங்க போயி எடுத்துட்டு வாருங்க. அதுவரைக்கும் நான் உள்ள ஏற மாட்டேன்."

"வந்ததும் வராததுமா தொடங்கிட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் திரும்பினார். கைப்பிடியை அங்கங்கே தொட்டும் தொடாமலும், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, முற்றத்தின் மறுகோடிக்கு நடக்க ஆரம்பித்தார். சிஸ்டர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றபடி வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அந்த மூலையைப் பெருக்கியவன் நான். அங்கே ஒரு பொட்டு மணல்கூட இல்லை. முறத்தோடு அண்ணன் பின்னாலேயே போனேன்.